தண்ணீர் கொடுத்த வாக்கு

எண்ணெயும் உப்பும் தண்ணீரும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தேங்காய் எண்ணெய்க்குள் ஒரு குடும்பம் இருந்தது. ஓர் அக்கா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தம்பிகள். தம்பிகள் நல்ல கொழுத்தவர்கள். தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அக்காவுக்கோ தண்ணீர் என்றால் உயிர். ஆனால் தம்பிகளை விட்டுவிட்டு எங்கே போவாள்? அந்த அக்காவைத்தான் இன்றைக்கு நாம் கிளிசரின் என்கிறோம். அப்போது அவளுக்குப் பெயரே கிடையாது. ஒருத்தி இருக்கிறாள் என்றே தெரியாதபோது யார் பெயர் வைப்பார்கள்?

உப்பளத்தை ஒட்டிய ஓர் ஊரில் வடிவும் அவள் புருஷன் ஆவுடையப்பனும் சோப்புக் காய்ச்சிப் பிழைத்தார்கள். சாம்பலை ஊற வைத்து வடித்த காரத்தண்ணீரை எண்ணெயில் ஊற்றி, பெரிய பானையில் காய்ச்சுவார்கள். கெட்டியாகி வரும்போது உப்பைப் போடுவார்கள். சோப்பு மேலே மிதக்கும், கீழே பழுப்பாக ஒரு நீர் தங்கும். சோப்பை அள்ளிக்கொண்டு அடிநீரைத் தூரக் கொட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். ஏன் கொட்டுகிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சோப்பை அள்ளுவது வடிவுதான். காரமும் உப்புக்காற்றும் சேர்ந்து அவள் கைகளைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்திருந்தன. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அவள் தூக்கினால் சொரசொரப்பு பட்டு வீறிட்டு அழும். அப்பன் தூக்கினால் சிரிக்கும். பெற்றவள் கை பட்டால் பிள்ளை அழுவதைப் போல ஒரு வேதனை உண்டா?

"என்னைக் கண்டாலே எம்பிள்ளைக்கு ஆகலையே" என்று வடிவு அடுப்படியில் உட்கார்ந்து புலம்பினாள்.

"ஏட்டி, காத்து மாறினா சரியாப் போயிரும். சும்மா மனசைப் போட்டு வருத்தாத" என்றான் ஆவுடையப்பன். காற்று பல தடவை மாறியது, கை மாறவில்லை.

அன்றைக்கும் பானை கொதித்தது. காரம் எண்ணெய்க்குள் புகுந்து, "வாங்கடே, என்கூட வந்தா ஊரே உங்களைக் கையில வச்சுத் தேய்க்கும்" என்று தம்பிகளுக்கு ஆசை காட்டியது. அவ்வளவுதான், மூன்று பேரும் அக்காவின் கையை உதறிவிட்டுக் காரத்தோடு கிளம்பிவிட்டார்கள். உப்பு வந்து அவர்களை மேலே தள்ளிவிட்டது. அக்கா மட்டும் பானையின் அடியில் தனியாகக் கிடந்தாள். தனியாகக் கிடந்தபோதுதான் முதன்முதலாக ஊர்ச் சத்தம் அவள் காதில் விழுந்தது. பிள்ளை அழுகிற சத்தம். அதைக் கேட்டு அம்மா விசும்புகிற சத்தம். 'தம்பிகளை வளர்த்தவளுக்கு இது பொறுக்குமா?' என்று தவித்தாள்.

அதற்குள் பானையைச் சுற்றி எறும்பு மொய்த்துவிட்டது. அடிநீரில் அப்படியொரு தித்திப்பு.

"தொட்டில் வரைக்கும் எறும்பு ஏறிரும்" என்று பதறிய ஆவுடையப்பன், பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் கவிழ்த்துவிட்டான்.

குளத்துத் தண்ணீருக்குக் கோபம் வந்தது. கரையில் இருந்த தவளை அதற்கு முன்பே கத்த ஆரம்பித்திருந்தது.

"நில்லு! யார் நீ?" என்றது தண்ணீர். "வர்றவன் போறவன் எல்லாம் எதையாவது என் தலையில கொட்டிட்டுப் போறான். எண்ணெய் மேல படர்ந்து மூச்சை அடைக்குது. சாயம் ஊத்துனா நிறமே மாறிப் போகுது. நீ என்ன செய்யப்போற?"

"நான் ஒண்ணும் செய்யமாட்டேன். உன்னோட கலந்துருவேன்" என்றாள் அக்கா.

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க" என்றது தவளை.

"உனக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிரெல்லாம் இருக்குல்லா? அதுங்க என்னைத் தின்னு பசியாறட்டும். அடையாளமே இல்லாம கரைஞ்சு போயிருதேன். ஆனா எனக்கு ஒரு காரியம் ஆகணும். வடிவு கை வெடிச்சுக் கிடக்கு. என்கிட்ட பசை இருக்கு, ஈரம் இல்லை. நான் எங்க இருந்தாலும் நீ வரணும்."

தண்ணீர் சிரித்துவிட்டது. "நான் குளம். எந்திரிச்சு நடந்தா வர முடியும்?"

"காத்துல ஏறி ஊர் சுத்தத்தானே செய்யுத? அப்படியே என்கிட்டயும் வா."

தண்ணீர் யோசித்தது. "அடியே, உன்னைத் தின்னுட்டா அப்புறம் நீ ஏது?"

"தென்னை காய்க்கிற வரைக்கும் நான் திரும்பத் திரும்பப் பிறப்பேன்" என்றாள் அக்கா. சொன்ன கையோடு கரைந்தும் போனாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் குளம் பளிங்காகக் கிடந்தது. மீன்கள் துள்ளின. தவளைக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பாவம், அதற்கு அது பெரிய வருத்தம்.

"சொன்னபடி செஞ்சுட்டா" என்றது தண்ணீர். "இனி அவ எங்க இருந்தாலும் நான் போவேன். ஒரே ஒரு பேச்சு, அவளை வெறுமனே பூசக்கூடாது. என்னையும் ஒரு கை அள்ளிச் சேர்த்துக்கணும். இல்லைன்னா அவ ஆசையில தோல்ல இருக்கிற என்னையே உறிஞ்சிருவா."

அடுத்த முறை காய்ச்சியபோது, அக்கா சொன்ன சொல்லைத் தென்னை காத்தது. அக்கா மறுபடியும் பானையின் அடியில் இருந்தாள். வந்த காரமெல்லாம் தம்பிகளோடு போயிருந்தது. சோப்பை அள்ளிய வடிவின் கை வழுக்கி அடிநீருக்குள் போய்விட்டது. பிசுபிசுவென்று ஒட்டியதைக் கழுவலாம் என்று ஒரு கை குளத்துத் தண்ணீரை விட்டாள். அவ்வளவு காற்றிலும் அந்த ஈரம் காயவில்லை. காற்றில் போய்க்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் இறங்கி வந்து அவள் வெடிப்புகளில் உட்கார்ந்துகொண்டது. எரிச்சல் அடங்கி, கை பிள்ளையின் கன்னம் மாதிரி ஆயிற்று.

ஆவுடையப்பன் வழக்கம்போல அடிநீரைக் கொட்டப் பானையைத் தூக்கினான்.

"பானையில கை வச்சீருன்னா பாரும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பானையை அப்படியே இறக்கிவிட்டான்.

வடிவு பயந்து பயந்து தொட்டிலில் கையை விட்டாள். பிள்ளை அழவில்லை. அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்து, தித்திப்பைச் சப்பிவிட்டு, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் கலங்க, அதே கையால் துடைத்துக்கொண்டாள். 'அக்கா இங்கேயும் இருக்காளா!' என்று தண்ணீர் கண்ணுக்குள்ளும் ஓடி வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

"பிள்ளை சிரிக்குது, நீ எதுக்குட்டி இந்த அழுகை அழுத?" என்றான் ஆவுடையப்பன் ஒன்றும் புரியாமல்.

கிளிசரின் சோப்பிலும் இருமல் மருந்திலும் குடியேறியதெல்லாம் பிறகு நடந்தது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதும், குளத்தில் விழுந்தால் சுவடில்லாமல் கரைவதும், நாடகத்தில் மாமியார் கண்ணில் ஒரு சொட்டுப் பட்டதும் தண்ணீர் நிஜம் பொய் பாராமல் ஓடி வந்து நிற்பதும், வடிவு சிரித்துக்கொண்டே அழுத அந்தக் காலம் முதல்தான்.