பணியாரப் பானையும் அமைச்சர் மீசையும்

முன்னொரு காலத்தில், அரசர் மதியச் சாப்பாட்டில் ஒரு பிடி கூடுதலாக உண்டால் நிர்வாகமே நின்றுபோகிற ஒரு ராஜ்ஜியம் இருந்தது. மன்னர் இளங்கேசரி நல்லவர்தான். உண்ட மயக்கம் அவரைவிடப் பெரிய ராஜா. குடிகள் மனுவோடு காத்திருக்க, அவர் சிம்மாசனத்திலேயே குறட்டை விடுவார். தூங்கும் அரசரைத் தொடுவதும் கூப்பிடுவதும் அந்நாட்டில் குற்றம். ஆகவே சபையே கைகட்டி நிற்கும்.

ஒருநாள் கண்விழித்த அரசருக்கே வெட்கமாகிவிட்டது. "தொடாமல், சத்தம் போடாமல் என்னை எழுப்ப ஒரு கருவி வேண்டும்!" என்றார்.

அமைச்சர் சபேசராயருக்கு விகடகவி வேம்பையனைக் கண்டாலே ஆகாது. "பிரபு, காக்கை விரட்டும் பொறி செய்தேன், எறும்பு ஏறாத உறி செய்தேன் என்று பீற்றிக்கொள்பவன் வேம்பையன். நாளைக்குள் அவனே செய்யட்டும். முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். அரசர் கொட்டாவியோடு தலையாட்டிவிட்டார்.

வேம்பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்பினான். வீட்டில் அவன் மனைவி தையல்நாயகி பொரிந்து தள்ளினாள். "ஓட்டைச் சட்டியெல்லாம் கட்டித் தொங்கவிட்டீங்களே, இப்ப நம்ம பொழப்பே தொங்குது!" சொல்லிக்கொண்டே பணியாரக் கல்லில் நெய்யை ஊற்றினாள். மணம் எழுந்ததுதான் தாமதம், மூலையில் செத்ததுபோல் கிடந்த பூனை கண்ணைத் திறந்தது. வேம்பையன் துள்ளிக் குதித்தான்.

மறுநாள் மதியம், சிம்மாசனத்தின் அருகே ஒரு பானை. அதற்குள் சுடச்சுடப் பணியாரம். மூடியில் கட்டிய கயிறு மேலே ஒரு வளையத்தில் நுழைந்து கிரீடத்தில் முடிய வேண்டும். அரசர் தலை சாய்ந்தால் மூடி திறக்கும். மணம் மூக்கில் ஏறும்.

வேம்பையன் அரசரை அழைத்துவரப் போனான். அந்தச் சமயம் பார்த்து சபேசராயர் பணியாரம் அத்தனையையும் விழுங்கினார். மணம்கூட மிஞ்சக்கூடாதென்று பானையைத் தன் அங்கவஸ்திரத்தால் வழித்துத் துடைத்து, மூடியும் வைத்துவிட்டார்.

சபை கூடியது. வேம்பையன் கயிற்றின் நுனியை அரசரின் கிரீடத்தில் முடிந்தான். அரசர் தலை சாய்ந்தது. மூடி திறந்தது. குறட்டைதான் வந்தது.

"கருவி தோற்றது! மூட்டையைக் கட்டு" என்றார் சபேசராயர், பக்கத்தில் நின்ற வேம்பையனுக்கு மட்டும் கேட்கும்படி.

வேம்பையன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். காலி. பிறகு அமைச்சரின் மீசையைப் பார்த்தான். அது பளபளவென்று மின்னியது.

"அமைச்சர் பெருமானே, அரசர் உறங்குகிறாரா, கண்மூடி யோசிக்கிறாரா? தாங்களே கிட்டப் போய்ப் பார்த்து உறுதி சொல்லுங்கள்" என்று பணிவாகக் கிசுகிசுத்தான்.

சபேசராயர் வெற்றிக் களிப்பில் அரசர் முகத்தருகே குனிந்தார். அரசரின் மூக்கு ஒருமுறை துடித்தது. மறுமுறை துடித்தது. கண் திறந்தது.

"பணியாரம் எங்கே?"

"அமைச்சர் வயிற்றில், பிரபு! யாரும் தொடவில்லை, சத்தம் போடவில்லை. கருவி வேலை செய்துவிட்டது. என்ன, பானையிலிருந்து மீசைக்கு இடம் மாறிவிட்டது" என்றான் வேம்பையன்.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று கயிற்றில் ஊசலாடியது. தம் முத்துமாலையை வேம்பையன் கழுத்தில் போட்டார். அன்று எல்லா மனுக்களையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் முதல் சபேசராயருக்குப் புதுப் பதவி. அரசர் தலை சாயும்போதெல்லாம் நெய் தடவிய மீசையோடு எதிரே குனிந்து நிற்க வேண்டும். பணியாரம் மட்டும் அவருக்குக் கிடையாது.