குடைக்கடியில் இருந்தவர்

வைரப்பெருமாள் பேரைச் சொன்னால் ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைக் கூரை அதிரும். ராஜா வேஷமோ, கள்ளன் வேஷமோ, எதைப் போட்டாலும் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தது. இப்போது அவருக்கு எண்பது வயது. நடித்த படங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. படச்சுருளில் இருக்கும் வெள்ளியை எடுக்கவென்று பாதியை விற்றுவிட்டார்கள். மீதி கிடங்கிலேயே ஒன்றோடொன்று ஒட்டி மக்கிப் போனது.

ஒரே ஒரு துண்டு மட்டும் எங்கேயோ அகப்பட்டது. குதிரைமேல் ஒருவன் பெரிய பள்ளத்தைத் தாண்டுகிறான். முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. ஊரெல்லாம் அதைச் செல்போனில் பார்த்துக் கொண்டாடியது. விழா எடுத்து, அதைத் திரையில் ஓட்டி, அவருக்கு மாலை போடுவதாக ஏற்பாடு.

விழாவுக்கு முந்தின நாள் அவர் தோப்புச் சாமியிடம் போனார். சாமி அவரைவிட இருபது வயது சின்னவர். சினிமாவே பார்க்காதவர். அதற்காகவே அவரைக் குருவாகக் கொண்டிருந்தார் வைரப்பெருமாள்.

சாமி புளியமரத்தடியில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க ஐயா. மாலை போடப் போறாங்களாமே. முகத்துல களையைக் காணோமே?”

“அந்தக் குதிரைமேல இருக்கிறது நான் இல்லை சாமி. டூப்பு.”

சாமிக்கு விளங்கவில்லை.

“ஆபத்தான காட்சின்னா என் உடுப்பை மாட்டி இன்னொருத்தனைத் தாண்ட விடுவாங்க. எனக்கு அடிபட்டா படம் நின்னுடும்ல.”

“சரி.”

“நாளைக்கு மேடையில நிஜத்தைச் சொன்னா, நான் நடிச்சேங்கிறதுக்கு உலகத்துல ஒரு தடயம் கிடையாது. சொல்லாம இருந்தா, இன்னொருத்தன் முதுகுக்குப் போடுற மாலைக்கு நான் கழுத்தை நீட்டணும். என்ன செய்யட்டும்?”

சாமி அடுத்த புளியை எடுத்தார்.

“திரை நிலைக்கும், படம்தான் வந்து போகும்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி. சாமியார் வேஷம் கட்டி அந்த வசனத்தை நானே பேசியிருக்கேன்.”

“நல்லாப் பேசினீங்களா?”

“பொம்பளைங்க எழுந்து கும்பிட்டாங்க.”

“எனக்கு அது வராது,” என்றார் சாமி. “அந்த ஆள் பேர் என்ன?”

வைரப்பெருமாள் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. கேட்டு வைத்திருந்தால்தானே வரும்.

“டூப்புன்னுதான் கூப்பிடுவோம்.”

“அவன் தாண்டும்போது நீங்க எங்கே இருந்தீங்க?”

“குடைக்கடியில. நாற்காலி போட்டு இளநீர் கொடுத்திருந்தாங்க. பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“என்ன பார்த்தீங்க?”

“குதிரை விளிம்பு வரைக்கும் வந்து நின்னுடுச்சு. மறுபடியும் ஓட்டினான், மறுபடியும் நின்னுடுச்சு. டைரக்டர் காச்சுமூச்சுன்னு கத்தினார். இவன் பேசாம இறங்கினான். குதிரை நெத்தியில தன் நெத்தியை வச்சான். கழுத்தைத் தடவிக் காதுல என்னமோ சொன்னான். உள்ளங்கை வேர்வையை என் உடுப்புலதான் துடைச்சுக்கிட்டான். ஏறினான். அந்தத் தடவை குதிரை நிக்கலை.”

சொல்லச் சொல்ல அவர் கை தானாக எழுந்து இல்லாத குதிரையின் கழுத்தைத் தடவியது. சாமியின் விரலில் புளி அப்படியே நின்றது.

பிறகு அந்தக் கை மடியில் விழுந்தது.

“தாண்டி முடிச்சதும் எல்லாரும் ஓடி வந்து எனக்குக் கை கொடுத்தாங்க சாமி.”

“அன்னைக்கு அங்கே இருந்தவங்க வேற யார் இருக்காங்க?”

“ஒருத்தரும் இல்லை. கேமராக்காரர், டைரக்டர், எல்லாரும் போயாச்சு. அவனும் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டான்னு சொன்னாங்க. நான்தான் கிடக்கேன்.”

புளியம்பூ ஒன்றிரண்டு வைரப்பெருமாள் தோள்மேல் உதிர்ந்தன. அவர் தட்டிவிடவில்லை.

“நாளைக்குச் சொல்லிட்டா எனக்குன்னு என்ன மிஞ்சும் சாமி?”

“ஒண்ணும் மிஞ்சாது.”

“சொல்லாட்டி?”

“அப்பவும்தான்.”

வைரப்பெருமாள் தரையில் கை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாமி முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்து வந்தார்.

“குதிரை கழுத்தைத் தடவினான்னீங்களே,” என்றார். “அதைப் பார்த்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். இன்னொரு தரம் சொல்லுங்க.”