அடப்பங்கொடி பிடித்த வலை

கடலுக்கும் கரைக்கும் யாரும் எல்லைக்கல் நடாத காலத்திலே ஒரு குப்பம் இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள், கடல் தின்றுவிட்டது. குப்பத்துக்குப் பின்னால் ஒரு மணல்மேடு. மேட்டின் அடியில் ஒரே ஓர் ஊற்று. சுற்றிலும் உப்பு, அது மட்டும் இளநீராய் இனிக்கும்.

மேடு முழுக்க அடப்பங்கொடி படர்ந்திருக்கும். விடியும்போது ஊதாப்பூக்கள் வாய் திறக்கும், உச்சிவெயிலில் சுருங்கித் தூங்கிப்போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் கண் சொருகும்.

அந்தக் குப்பத்தில் நீலாயி என்றொரு வலைக்காரி. அவள் மகள் முத்தாச்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தது, இன்னும் மூன்று மாதம். பெண்ணைப் பெற்றவள் பின்னிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப்போவான். அது அந்தக் கரையின் வழக்கம். வலை இல்லையென்றால் கல்யாணமும் இல்லை.

நீலாயி ஒரு வருடமாகக் கண்ணி கண்ணியாகப் பின்னிய வலையைப் நூல் இற்றுப்போகாமலிருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து மேட்டில் காயப்போட்டாள். எடுக்கும்போது கொடி சிக்கி மூன்று இடத்தில் கிழிந்தது.

வந்ததே கோபம்! "சனியன் பிடிச்ச கொடி! பூக்குறதும் தூங்குறதும் தவிர இதுக்கு என்ன தெரியும்?" என்று அரிவாளெடுத்து மேட்டையே மொட்டையடித்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து கிழிசலைத் தைத்தாள். ஊரில் ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

பத்தாம் நாள் காற்று திரும்பியது. பிடித்துவைக்க ஆளில்லாத மணல் எழுந்து, தூக்கத்தில் நடப்பவனைப்போல ஊற்றை நோக்கி நடந்தது.

முதலில் பனையோலை வேலி கட்டினார்கள், காற்று அதைப் பட்டமாகப் பறக்கவிட்டது. பிறகு கல் அடுக்கினார்கள், மணல் அதன்மேல் ஏறி இறங்கி வந்தது. மூன்றாவதாக, காயாமல் கிடந்த கொடித்துண்டுகளைப் பொறுக்கி நீலாயி நட்டாள். வேர் பிடிக்குமுன் காற்று பிடுங்கி எறிந்தது. ஊற்று மணலுக்கடியில் மூடிப்போனது.

"இனி வேற கரை பார்க்க வேண்டியதுதான்" என்றார்கள் ஊரார். நீலாயி, தன் கையால் ஊரின் தொண்டையை நெரித்துவிட்டோமே என்று அழுதாள்.

அழுத அசதியில் மேட்டிலேயே கண்ணயர்ந்தாள். கனவில் ஓர் ஊதாப்பூ அவள் காதருகே வாய் திறந்தது. "நான் மணலைப் பிடிச்சுக்குவேன் தாயீ. நான் வேர் விடுற வரைக்கும் என்னை யாரு பிடிச்சுக்குவா?"

விழித்தவள் வீட்டுக்கு ஓடினாள். கல்யாண வலையைத் தூக்கிவந்தாள்.

"அம்மா, அது போனா என் கல்யாணம்?" என்றாள் முத்தாச்சி. நீலாயி கொடித்துண்டுகளை மறுபடி நட்டு, மேலே வலையை விரித்து, நான்கு பக்கமும் முளையடித்தாள். முத்தாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கரையிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து ஊற்றினாள்.

காற்று வந்து வலையை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போனது. கொடி வேர்விட்டது, கண்ணிக்குக் கண்ணி நுழைந்து படர்ந்தது. மூடிய மணலைத் தோண்டியபோது ஊற்று மறுபடி சுரந்தது. வலையை மட்டும் இனி எந்தக் கையாலும் பிரித்தெடுக்க முடியாது.

கல்யாண நாள் விடிந்தது. மாப்பிள்ளை சடையன் சுற்றத்தோடு வந்தான். "வலை எங்கே?" என்றார் அவன் தகப்பனார். நீலாயி மேட்டைக் காட்டினாள். பூவும் வலையுமாக மேடே ஊதா நிறத்தில் கிடந்தது.

"வலை இல்லாத வீட்டிலே பொண்ணு எடுக்கிறதா? எழுந்திருடா!" என்றார் அவர்.

சடையன் எழுந்தான். நேராக ஊற்றுக்குப் போய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். மேட்டின் ஓரத்தில் ஓடிக்கிடந்த கொடியில் ஒரு முழம் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"மீனைப் பிடிக்கிற வலை எங்க வீட்டுலயே நாலு கிடக்கு அத்தை. ஊரைப் பிடிச்சு வைக்கிற வலை உங்ககிட்டதான் இருக்கு. இதை எங்க கரையில நடணும், முத்தாச்சியை அனுப்புங்க."

ஆகவே கேட்டவர்களே, காலில் சிக்குகிறது என்று ஒன்றை வெட்டுமுன், அது எதைத் தாங்கி நிற்கிறது என்று குனிந்து பாருங்கள்.