பாதி சத்தம்

பொன்மலைச் சந்தைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்தொன்று. குரு ரிஸ்வானா. சீடர் ஞானசிகாமணி, ரயில்வே பட்டறையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவர். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார், அவள் அவரை அங்கிள் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலை, ஞானசிகாமணி தன் வால்வு ஆம்பை மூச்சிரைக்கத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பழைய மாடலைப் பார்த்து, அவளிடம் கற்று, அவரே செய்த பெட்டி.

"வாத்தியாரம்மா, இதோட பவரைக் குறைக்கணும். சனிக்கிழமைக்குள்ள."

"என்ன அவசரம்?"

"வீட்டுக்காரி இனிமே பாட மாட்டாளாம்."

போன ஞாயிறு மூன்றாம் சரணத்தை அவர் மனைவி கிருபாவதி தனியாகப் பாட வேண்டும். இரண்டு வரி பாடினாள். அப்புறம் பாட்டுப் புத்தகத்தை மூடினாள், செருப்பை மாட்டினாள், வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டாள். சோறு போடும்போது சொன்னாள்: "உங்க பொட்டியோட என்னால மல்லுக்கட்ட முடியாது. சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்." முப்பத்து நாலு வருஷமாகப் பாடுகிறவள். அவளை அவர் முதலில் பார்த்ததே அந்தக் குழுவில்தான்.

"வால்யூம் திருகைக் குறைச்சு வச்சா என்ன?" என்றாள் ரிஸ்வானா.

"உங்களுக்குத் தெரியாததா? குறைச்சா உயிர் போயிடும். வால்வு திணறணும். திணறினாத்தானே அந்த இனிப்பு."

"சரி. பின்னால நாலு பெரிய வால்வு இருக்கு. ரெண்டைக் கழட்டிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை கொண்டு வந்தார். பெட்டி உறுமியது. ஒரு பக்கம் கொதித்தது.

"எந்த ரெண்டைக் கழட்டினீங்க?"

"இடது பக்கத்து ரெண்டும். கைக்கு வாட்டமா இருந்துச்சு."

ரிஸ்வானா சிரித்துவிட்டாள். "பட்டறையில ரெண்டு பேர் இழுக்கிற ரம்பம் பிடிச்சிருக்கீங்களா?"

"எத்தனையோ வருஷம்."

"எதிர்ல நிக்கிறவரை வீட்டுக்கு அனுப்பிட்டு அறுத்தீங்களோ?"

ஞானசிகாமணி தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். ஸ்பீக்கர் கம்பியை அவள் வேறு முனைக்கு மாற்றினாள். "ஆள் குறைஞ்சா பாரத்தையும் மாத்திக் குடுக்கணும்." உறுமல் நின்றது. அவர் கிட்டாரைச் செருகி ஒரு மீட்டு மீட்டினார்.

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, டம்ளர்லாம் ஆடுது!"

ஞானசிகாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. கழற்றிய வால்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

"அம்பது வாட்ல பாதி போயிடுச்சு இல்ல?"

"போயிடுச்சு."

"சத்தம் பாதி ஆகலையே?"

"ஆகல."

"இன்னும் என்னத்தைக் கழட்டணும்?"

"நாளைக்கு ஒத்திகை எத்தனை மணிக்கு?"

"நான் வால்வைக் கேட்டா நீங்க ஒத்திகையைக் கேக்கறீங்க."

"எத்தனை மணிக்கு அங்கிள்?"

"ஆறு மணி" என்றார் குழப்பத்தோடு.

சனிக்கிழமை ரிஸ்வானா ஒத்திகைக்கு வந்தாள். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். குழுவில் பாடுகிறவர்கள் கிருபாவதியோடு பத்துப் பேர். கிருபாவதி புத்தகத்தை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வாங்கிக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

"ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை நின்னு பாடிட்டுப் போங்க" என்றாள் ரிஸ்வானா. பிறகு ஞானசிகாமணியிடம், "அங்கிள், நீங்க சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. அவங்க எல்லாரும் மூணாம் சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவாங்க. சத்தம் பாதி ஆனதும் கையைத் தூக்குங்க."

"இதுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்?"

"சுவரைப் பாருங்க."

பாடினார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ரிஸ்வானா ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினாள். கனத்த குரல் அற்புதராஜ் போகும்போது, "நான் போனா பாட்டே படுத்துடும் பாருங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். படுக்கவில்லை.

ஐந்து பேர் போய்விட்டார்கள். ஞானசிகாமணி கையைத் தூக்கவில்லை.

ஏழு பேர். கொஞ்சம் மெலிந்ததுபோல் இருந்தது. பாதியா? தெரியவில்லை. கையைத் தூக்கப் போனவர் சந்தேகப்பட்டு இறக்கிக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம் நேரம் போனது. இப்போது சரி என்று பட்டது. கையைத் தூக்கிக்கொண்டே திரும்பினார்.

கிருபாவதி மட்டும் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் நிறுத்தவில்லை. மூன்றாவது வரி முடிவில் குரலை ஒரு படி இறக்கி, அங்கேயே தயங்கி, மூச்சை எடுத்து, அடுத்த வரிக்குப் போனாள். அந்தத் தயக்கம் அவருக்குப் புதிதாக இருந்தது. சரியாக அந்த இடத்தில்தான் அவர் எப்போதும் ஒரு சின்ன வாசிப்பு வைப்பார். நன்றாயிருக்கிறது என்று பலபேர் சொல்லியிருக்கிறார்கள்.

பாட்டு முடிந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் கிருபாவதி.

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஞானசிகாமணி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பத்துல ஒம்பது பேர் போனாத்தான் பாதியா?"

"ஒம்பது பேர்."

"அப்போ அம்பது வாட்?"

"அஞ்சு ஆக்கணும். ஒத்தை வால்வு, சின்ன டிரான்ஸ்ஃபார்மர். நல்லாவே திணறும்."



"வாத்தியாரம்மா, பத்துப் பேர் பாடுற இடத்துல, அஞ்சு வாட்ல நான் வாசிச்சா கேக்குமா?"

"அது தெரியாது அங்கிள்" என்றாள் ரிஸ்வானா. "ஆன்ட்டி பாடுறதை நீங்க கேப்பீங்க."