பேரீச்சை மரத்தில் ஏறிய ஓலைநாயகம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்கிவிட்டேனே தவிர, அது எந்தக் காலம், எந்த நாடு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் கேட்ட கதை. சொன்னவர் பாதியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளிகளில் நானே எதையாவது இட்டு நிரப்பியிருக்கலாம். மரங்கள் பன்னிரண்டா, பதினான்கா என்பதிலும் சந்தேகம் உண்டு. பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த நாட்டு அரசருக்கு அறுபது வயது நடந்த மாசி மாதத்தில் ஓர் ஆசை வந்தது. அரண்மனைத் தோட்டத்தில் பேரீச்சை மரங்கள் நின்றன. அவர் சிறுவனாக இருந்தபோது அவை காய்க்கும். மாசி பிறந்தால் கடலுக்கு அப்பாலிருந்து நான்கைந்து பேர் வந்து, மரமேறி எதையோ செய்துவிட்டுப் போவார்கள். ஆடியில் குலைகள் மஞ்சளாகத் தொங்கும். அவருடைய தாயார் சேலை முந்தானையில் காய்களைக் கட்டிவைத்திருந்து, பாடம் ஒப்பிக்கும்போதெல்லாம் ஒன்று தருவார். பிறகு அவருடைய தந்தை, வேலைக்கு ஆள் வைப்பது பற்றி ஒரு சட்டம் எழுதினார். அதைப் படித்துப் பயந்தோ படிக்காமலே பயந்தோ, வெளிநாட்டாரை அழைப்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். மரங்கள் ஆண்டுதோறும் பூத்தன. காய்க்கவில்லை.

"அந்தக் காய் எனக்கு வேண்டும். இந்த ஆடியிலேயே வேண்டும்" என்றார் அரசர்.

அரசாங்க ஓலைகளைக் காக்கும் ஓலைநாயகம் சேந்தனார் முதலில் எழுந்தார். "அரசே, இதற்குக் கொன்றையனே தகுந்தவர். சபையில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் ஒருவர்தான் ஆசனத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்."

கொன்றையன் அந்தச் சபையின் விகடகவி. வாய் ஓயாமல் பேசுகிறவர் அல்லர். கேள்வி கேட்டால், ஒரு வெற்றிலையை மென்று முடிக்கும் நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த மௌனத்திலேயே சபை பாதி சிரித்துவிடும். அரசர் அதற்காகக் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பார். முப்பது வருடம் ஓலை வாசித்த சேந்தனாருக்காக அவர் ஒருநாளும் அப்படிக் காத்திருந்ததில்லை. சேந்தனாரின் வயிற்றெரிச்சல் அதுதான்.

"செய்கிறேன், அரசே" என்றார் கொன்றையன்.

"சட்டப்படி, எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டும்" என்றார் சேந்தனார். "பிசகினாலோ முடியாமல் போனாலோ, அந்த வெளிநாட்டார் திரும்பும் கப்பலில் இவரும் ஏறிவிட வேண்டும்."

அரசர் ஜன்னல் வழியாக மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குப் புறப்பட்டு, ஊர் ஞாபகம் தாங்காமல் பாதி வழியில் திரும்பி வந்த மனிதர் கொன்றையன்.

துறைமுகத்தில் குதிரை ஏற்றிவந்த மரக்கலம் ஒன்று நின்றது. அதில் வந்த இத்ரீசும் அவருடைய தம்பிமார் மூவரும் பேரீச்சைத் தொழிலாளிகள். அனுமதி முத்திரை கிடைக்கும்வரை சுங்கக் கொட்டகையைத் தாண்டக் கூடாது என்பது விதி. கொன்றையன் அங்கே போய் அவர்களைப் பார்த்தார்.

"எங்க அப்பா இங்க வந்திருக்கார்" என்றார் இத்ரீஸ். துறைமுகங்களில் பொறுக்கிச் சேர்த்த தமிழ். "அந்தத் தோட்டத்துக் கிணறு, தண்ணி இனிக்கும்னு சொல்வார். சாகிற வரைக்கும் சொன்னார்."

"உங்களுக்கு எவ்வளவு நாள் வேணும்?"

"பூப்பாளை வெடிச்சா மூணு நாள். அதுக்குள்ள ஏறணும். விட்டா அடுத்த வருஷம்."

உள்ளூரார் யாரும் முன்வராவிட்டால்தான் வெளிநாட்டாருக்கு வேலை. அதற்காக ஏழு தெருவில் ஏழு நாள் பறையறைய வேண்டும். கொன்றையன் பறைக்குப் பின்னாலேயே நடந்தார். ஆறு நாள் ஒருவரும் வரவில்லை. ஆறாம் நாள் தோட்டத்தில் பாளைகள் வெடித்தன. ஏழாம் நாள் காலையில் சேந்தனார் நான்கு பனையேறிகளைத் தோட்டத்துக்கு அழைத்துவந்தார்.

"இவர்கள் என் தோப்பில் ஏறுகிறவர்கள், அரசே. இந்த வேலைக்கும் நானே இவர்களை அமர்த்தி, என் பெயரில் முத்திரை பெறுகிறேன். உள்ளூரில் மரமேற ஆளா இல்லை?"

மூத்தவர் வெயிலுமுத்து காலில் தளைநாரை மாட்டி, கண்மூடித் திறப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டார். என்ன அழகான ஏற்றம்! அரசரே வாய்விட்டு மெச்சினார். மேலே போனவர் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தார். வெடித்திருந்த பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, நுனியைச் சீவி, அடியில் ஒரு கலயத்தையும் தொங்கவிட்டார்.

"ஐயோ, என்னப்பா செய்கிறாய்?" என்று அலறினார் அரசர்.

வெயிலுமுத்து இறங்கிவந்து தலையைச் சொறிந்தார். "பாளையக் கண்டா சீவத்தான மகராசா கை போவுது? பொறந்ததுலேருந்து அதத்தான செய்யுதோம். பதநி எறங்குமான்னு பாத்தேன். இதுல வேற என்ன செய்யணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே."

"பழகிக்கொள்வார்கள்" என்றார் சேந்தனார். "சட்டம் திறமையைக் கேட்கவில்லை. உள்ளூரார் முன்வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். நாளை மறுநாள் மரக்கலம் புறப்படுகிறது. கொன்றையனுக்கு மூட்டை கட்ட உதவி வேண்டுமா?"

கொன்றையன் பேசவில்லை. வழக்கமான நேரம் கடந்தது. சபையார் சிரிக்கக் காத்திருந்து, பிறகு சிரிப்பு வராமல் நெளிந்தார்கள்.

"ஐயா" என்றார் கடைசியில். "அந்தச் சட்ட ஓலையை ஒருமுறை வாசியுங்கள். முழுவதும். எழுத்துப் பிசகாமல்."

சேந்தனார் கணீரென்று வாசித்தார். வெளிநாட்டாருக்கு வீடு, உணவு, உள்ளூராருக்குச் சமமான கூலி, ஊர் திரும்ப வழி, எல்லாம் வந்தது. அதற்கடுத்த வரியில் குரல் இறங்கியது. "வேலைக்கு ஆள் வைப்பவர், அந்த ஆள் உள்ளூராராயினும் வெளிநாட்டாராயினும், அவர் நின்று வேலை செய்யும் இடத்தில் ஒரு பகல் முழுதும் தாமும் நின்று பார்த்த பின்னரே முத்திரை பெறுவார்..."

"வெயிலுமுத்து நின்று வேலை செய்யும் இடம் எது, ஐயா?"

சேந்தனார் மரத்தடியில் ஓரடி எடுத்துவைத்து நின்றார். "இதோ, நிற்கிறேன்."

"அங்கே நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள். அண்ணாந்து பாருங்கள்."

அதற்குள் வெயிலுமுத்து அடுத்த மரத்தின் உச்சியில் இருந்தார். அரசரின் மீசை துடித்தது. "எழுத்துப் பிசகாமல்" என்றார் அவர்.

ஒரு பிரம்புக் கூடையில் ஓலைநாயகத்தை உட்காரவைத்து, கயிற்றைக் கட்டி ஏற்றினார்கள்.

"ஏலே, பாத்துத் தூக்குங்க! மட்டையில முள்ளு வெரல் நீளம் கெடக்கு!" என்றார் வெயிலுமுத்து மேலிருந்து. "ஐயா, இந்தக் கூடையில நிக்க முடியாது. எந்திரிச்சு மரத்தைக் கட்டிப் பிடியும். அங்க இல்ல... அங்கயும் இல்ல!"

"முள்! முள்! இறக்குங்கள்!"

"பொழுது சாயவில்லையே, ஐயா" என்றார் கொன்றையன்.

"இவர்களை நான் அமர்த்தவில்லை! எனக்கு ஒரு ஆளும் வேண்டாம்!"

"அதை எழுதித் தாருங்கள்."

"இறக்கினால் எழுதுகிறேன்!"

"சிரமம் வேண்டாம். ஓலையும் எழுத்தாணியும் மேலே வருகின்றன."

மரத்தின் உச்சியில் தொங்கியபடியே சேந்தனார் எழுதிக்கொடுத்தார். அதோடு உள்ளூரார் முன்வந்தார்கள் என்ற பேச்சும் போயிற்று. அரசர் புல்தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கீழே வந்த சேந்தனார் உடம்பிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "நல்லது. அந்த வெளிநாட்டாரை அமர்த்துகிறவரும் மேலே போக வேண்டுமல்லவா?"

சிரிப்பு நின்றது. கொன்றையனுக்கு மாடிப்படி ஏறினாலே தலைசுற்றும் என்பது ஊரறிந்த விஷயம்.

மரக்கலம் புறப்படுவதற்குள் முத்திரை வேண்டும். பாளைக்கு இன்னும் ஒருநாள்தான் மிச்சம். விடிந்ததும் இத்ரீசையும் தம்பிமாரையும், வேலையைக் காட்டுவதற்கு மட்டும், காவலரோடு அழைத்துவந்தார்கள். வெயிலுமுத்து தன் கயிற்றை எடுத்துக் கொன்றையனின் இடுப்பில் சுற்றினார். "கீழ பாக்காதீரும். மரத்த மட்டும் பாரும். நான் பின்னால வாறேன்."

கொன்றையன் ஏறினார். எப்படி ஏறினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. மேலே இத்ரீஸ், தன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஆண் பூவின் சரம் ஒன்றை எடுத்து, மாவு போன்ற தூளைப் பெண் பாளைக்குள் உதறி, சரத்தைத் தலைகீழாக உள்ளே செருகி, ஒரு கீற்றால் தளர்வாகக் கட்டினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். காத்து செய்யணும். இங்க மரம் கம்மி. காத்து மறந்துடும்."

வெயிலுமுத்து கண் கொட்டாமல் பார்த்தார். பொழுது சாயும்வரை இத்ரீசும் கொன்றையனும் அவரும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கினார்கள். கடைசி மரத்தில் கொன்றையன் துணிந்து கீழே பார்த்தார். அரசர் வெயிலில், குடை பிடிக்க விடாமல், முகத்தைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். ஓர் அரசனின் முகத்தை மேலிருந்து பார்க்க யாருக்கும் வாய்ப்பதில்லை. எதையோ கேட்க நினைத்து, தொந்தரவாகிவிடுமோ என்று பேசாமல் நிற்கும் குழந்தையின் முகமாக இருந்தது அது. கொன்றையனுக்குத் தலைசுற்றவில்லை.

அன்று மாலையே முத்திரை விழுந்தது. மரக்கலம் அவர்கள் ஐவரில் ஒருவரும் இல்லாமல் மறுநாள் பாய் விரித்தது.

"என்ன வேண்டும், கேள்" என்றார் அரசர், மறுபடியும் சிரித்தபடி.

கொன்றையன் வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டார். "நான் ஏறி இறங்கிய அந்த வரியை யாரும் திருத்தாமல் இருந்தால் போதும்."

அரசர் அதைத் திருத்தவில்லை. கூடவே அவருக்கு ஒரு வீடும் கொடுத்தார். மாடி இல்லாத வீடு.

ஆடியில் பதினொரு மரங்கள் காய்த்தன. சீவிய மரம் அடுத்த ஆண்டு காய்த்தது. இத்ரீசும் தம்பிமாரும் ஒன்பது மாசி வந்துபோனார்கள். பத்தாவது ஆண்டு பறையறைந்தபோது வெயிலுமுத்துவும் அவர் மக்களும் முன்வந்து, அந்த வேலையைச் சரியாகவே செய்தார்கள். இத்ரீஸ் தன் ஊரில் இறந்தார். கடைசித் தம்பி துறைமுகத்தில் ஒரு பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். சேந்தனார் கண் மங்கும்வரை ஓலை வாசித்தார். அரசர் ஓர் ஆனி மாதத்தில் காலமானார். கொன்றையன் அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தார், சபைக்குப் போகவில்லை.