விமானி ‘சரி’ என்று சொல்லும் வரை

தேசப்படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கோணமேடு தென்படாது. ஆனால் அங்கே ஒரு விமானப் படை இருந்தது. படை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு போர் விமானம், அதில் ஒரே ஒரு இருக்கை, அதை ஓட்ட லோகிதாசன் என்று ஒரே ஒரு விமானி. அவருக்கு ஹெல்மெட் மாட்டிவிட மட்டும் நான்கு பேர்: கச்சிராயன், பாவாடைசாமி, தொப்ளான், அருமைக்கண்ணு. நால்வரும் தங்கமான மனிதர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள்.

உயரத்தில் காற்று மெலிந்துவிடும். அதனால் விமானி பிராணவாயு முகமூடி போட வேண்டும். அதன் இரண்டு பட்டைகளின் நுனியிலும் ஓர் இரும்பு நாக்கு இருக்கும். ஹெல்மெட்டின் காதோரப் பூட்டுக்குள் அதைத் தள்ளினால், கார் பெல்ட் மாதிரி ‘டிக்’ என்று மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் இரண்டு டிக். மொத்த வேலையே அவ்வளவுதான்.

சுவரில் ஒட்டியிருந்த தாளின் முதல் வரி, ‘முகமூடியை ஹெல்மெட்டின் இரு பக்கமும் பூட்டவும்’ என்றது. முதல் நாள் நால்வரும் மேசைமேல் வைத்தே இரண்டு பக்கமும் பூட்டி, துடைத்து, பளபளவென்று நீட்டினார்கள். லோகிதாசன் தலையை நுழைக்கப் பார்த்தார்.

“மூக்கு இடிக்குதுய்யா!”

“தாள்ல மூக்கப் பத்தி ஒண்ணும் போடலையே சார்,” என்றான் கச்சிராயன். மதியம்வரை மூக்கோடு போராடியதில் அன்றைய பறப்பு போயிற்று.

இரண்டாவது வரி, ‘எங்கும் காற்று போக வழி இருக்கக் கூடாது.’ மறுநாள் பாவாடைசாமி விரலை ஈரமாக்கி முகமூடி முழுக்கத் தடவிப் பார்த்து, குழாயின் நுனியில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தான். பிராணவாயு உள்ளே வருவதே அந்த வழியாகத்தான். அதில் கந்தல் துணியைத் திணித்து அடைத்தார்கள். லோகிதாசன் ஏணியின் மூன்றாம் படியிலேயே கண் பிதுங்கி உட்கார்ந்துவிட்டார்.

தளபதிக்குக் கோபம் வந்துவிட்டது. “நாளைக்குப் பத்து மணிக்கு நீ மேல போகலைன்னா விமானத்தைப் பக்கத்துத் தளத்துக்குக் குடுத்துடுவேன். நீ ஆபீஸ்ல உக்காந்து கோப்பு பாரு!”

சிறு வயதிலிருந்து வானத்தைத் தவிர வேறெதற்கும் ஆசைப்படாத மனிதர் லோகிதாசன். கேட்ட எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவர் உஷாராகிவிட்டார். ஒரு பக்கம் மட்டும் பூட்டித் தொங்கவிட்டு, ஹெல்மெட்டைத் தானே தலையில் போட்டுக்கொண்டார். மறுபக்கம் பூட்ட நால்வரும் பாய்ந்து வந்தார்கள். டிக்! எல்லாம் கச்சிதம். மணி ஒன்பது நாற்பது.

ஆனால் தாளில் மூன்றாவது வரியும் இருந்தது: ‘பொருத்திய பின் விமானி “சரி” என்று சொல்லும் வரை யாரும் கையை எடுக்கக் கூடாது.’

லோகிதாசன் தொண்டை கிழிய “சரி” என்றார். முகமூடிக்குள் மைக் உண்டுதான். ஆனால் அதன் ஒயரை விமானத்தில் சொருகினால்தான் பேச்சு வெளியே கேட்கும். இவர்களுக்குக் கேட்டது “ம்ம்ங்” மட்டும். எட்டுக் கைகளும் ஹெல்மெட்டை விடவில்லை.

“கட்டைவிரலைக் காட்டுறாரேப்பா,” என்றான் தொப்ளான்.

“சொல்லணும்னுதான் போட்டிருக்கு. காட்டணும்னு போடலை,” என்றான் கச்சிராயன்.

“அப்ப முகமூடியக் கழட்டிட்டுக் கேப்போம்,” என்றான் பாவாடைசாமி.

கழற்றினார்கள். “சரி! சரி! சரிய்யா!” என்று அலறினார் லோகிதாசன். எல்லோரும் மகிழ்ந்து கையை எடுத்தார்கள். கச்சிராயன் மட்டும் யோசித்தான்.

“பொருத்திய பின்னாலதானே சொல்லணும்? இவரு கழட்டின பின்னால சொல்லிட்டாரே!”

நியாயம்தான் என்று மறுபடி பூட்டினார்கள். ம்ம்ங். கழற்றினார்கள். சரி. பூட்டினார்கள். ம்ம்ங். இப்படியே நான்கு தடவை. லோகிதாசனுக்கு அழுகையே வந்துவிட்டது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

அதுவரை வாயே திறக்காத அருமைக்கண்ணு மெல்லச் செருமினான்.

“முகமூடியப் பொருத்தணும். விமானி சரின்னு சொல்லணும். ரெண்டும் ஒரே ஆளுதான்னு எங்கயாவது போட்டிருக்கா?”

ஓடிப்போய்ப் படித்தார்கள். போடவில்லை. இப்படியும் ஒரு மூளையா என்று மூவரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். ஹெல்மெட்டை அவன் தலையில் கவிழ்த்து, முகமூடியை டிக் டிக் என்று பூட்டினார்கள்.

“இப்பச் சொல்லுங்க சார்.”

“சரிப்பா, சரி! கழட்டிக் குடுங்க, நேரமாச்சு!”

எல்லாக் கைகளும் விலகின. நான்காவது வரி, ‘முகமூடி பொருத்திய ஆளை உடனே இருக்கையில் ஏற்றி, பெல்ட், குழாய், மைக் ஒயர் மாட்டவும்.’ இரண்டே நிமிடத்தில் அதையும் முடித்துவிட்டு இறங்கி வந்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த லோகிதாசனை மூவரும் மரியாதையாக இடுப்போடு பிடித்துக்கொண்டார்கள். முகமூடி இல்லாதவரை ஏற்றச் சொல்லித் தாளில் எந்த வரியும் இல்லை.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பார்த்த தளபதிக்கு இருக்கையில் ஒரு ஹெல்மெட்டும் முகமூடியும் தெரிந்தன. மணி இன்னும் பத்து ஆகவில்லை. அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் தளம் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

“சபாஷ் லோகிதாசா! உன்னைத் தப்பா நினைச்சிட்டேன். இனிமே இந்த விமானம் உனக்குத்தான்! என்ன, எல்லாம் சரியா இருக்கா?”

மைக் ஒயர் மாட்டியிருந்ததால் இந்தத் தடவை பதில் கணீரென்று வந்தது.

“எல்லாம் சரிங்க ஐயா. ரெண்டு டிக்கும் கேட்டுச்சு. நானும் வசதியா உக்காந்துட்டேன். டிரைவர் எப்ப வருவாரு?”