செண்பகவல்லியின் கையெழுத்து

சட்டைச்சாமியிடம் மோட்சத்துக்கு வழி கேட்டு வந்தவர்கள் குறைவு. வரன் அமையுமா, வழக்கு ஜெயிக்குமா என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். சேர்வராயன் மலைமேல் ஒரு ஓட்டுக் கொட்டகையில் இருந்தார். காவி கட்ட மாட்டார். அரைக்கைச் சட்டைதான் போடுவார். ஊர் அதையே பெயராக்கிவிட்டது.

அவரிடம் உபதேசம் வாங்கிய சிலரில் செண்பகவல்லியும் ஒருத்தி. சேலத்தில் இட்லி மாவு அரைத்து விற்பவள். சாமியைவிட வயதில் மூத்தவள். அதனால் அவர் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து மேலே வருவாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

அன்று அவள் கண்ணை மூடவே இல்லை.

"சாமி, நாளைக்குக் கையெழுத்துப் போடணும். போடலாமா?"

"எதுக்கும்மா?"

"வீட்டை வெச்சுக் கடன் வாங்குறேன். தினகரனுக்குக் கார் எடுக்க."

சாமி ஒரு பக்கம் வீங்கியிருந்த கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அதுல என்ன குழப்பம்?"

"அவங்கப்பா லாரி கவுந்து போனவருங்க. அது தெரிஞ்சும் இவன் ஸ்டியரிங்கைத்தான் பிடிச்சான். இப்ப ஒருத்தர்கிட்ட தினக்கூலிக்கு ஓட்டுறான். சொந்தமா வண்டி வேணுங்கிறான். இல்லாட்டி வடக்கே லாரிக்குப் போயிடுவானாம்."

"அப்ப வாங்கிக் கொடுத்துடலாமே."

"கொடுக்கிறேன்னுதான் சொன்னேன். வண்டி என் பேர்ல இருக்கட்டும். ராத்திரி சவாரி வேண்டாம். பொழுது சாஞ்சா சாவி என் பீரோவுக்கு வந்துடணும். இதுல என்னங்க சாமி தப்பு? வீடும் என்னுது, பிள்ளையும் என்னுது."

"அவன் என்ன சொன்னான்?"

"அன்னைலேருந்து பேச்சே இல்ல. சோத்தைக்கூடத் தானே போட்டுக்கிறான்." அவள் வாசல் பக்கம் கைகாட்டினாள். "யாரையோ லாட்ஜில இறக்கிவிட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான். வெளியதான் நிக்கிறான். உள்ள வரமாட்டேங்கிறான்."

சாமி எழுந்து செருப்பை மாட்டினார்.

"பல்லு வலி தாங்கலம்மா. கீழே டாக்டரைப் பார்க்கணும். நானும் உங்க கூட வர்றேன்."

தினகரன் முதலாளியின் வெள்ளைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்க்காமல் முன்கதவைத் திறந்துவிட்டான். சாமி பின்னால் ஏறிக்கொண்டார். மலை முழுக்கப் பனிமூட்டம்.

"நான் வாயே திறக்கமாட்டேன்," என்றாள் செண்பகவல்லி. முதல் வளைவிலேயே திறந்தாள்.

"மெதுவா."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"ஹாரன் அடி."

அடித்தான்.

"பின்னாடி ஒருத்தன் முட்டுற மாதிரி வர்றான் பாரு."

"தெரியுது."

பல நாள் கழித்து அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. அவளுக்கு அதுவும் ஏச்சாகத்தான் கேட்டது. அவள் கால் காரின் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, அங்கே ஒரு பிரேக் இருப்பதுபோல.

"தினகரா, அம்மா உனக்கு வண்டி வாங்கித் தர்றாங்களாமே?" என்றார் சாமி.

"எனக்கு எங்க சாமி வாங்குறாங்க? ஆர்.சி. புக்குல அம்மா பேரு. சாவி அம்மா பீரோவுல. ராத்திரி ரயிலுக்குப் போற சவாரியிலதான் நாலு காசு நிக்கும், அதுக்கும் போகக்கூடாது. இதுக்கு இப்ப இருக்கிற முதலாளியே தேவலை. அவராச்சும் பக்கத்துல உக்கார மாட்டாரு."

"உசுரோட வீட்டுக்கு வாடான்னு சொன்னா அது முதலாளித்தனமாடா?"

"உசுரோடதானே இருக்கேன்? அதுக்குமேல ஒண்ணும் செய்ய விடமாட்டேங்கிறியே!"

அடுத்த வளைவில் பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது. வளைவை அகலமாக எடுத்து வந்தது. தினகரன் அதற்குள் இடது பக்கம் ஒதுங்கிவிட்டான். பஸ் போக இடம் இருந்தது. ஆனால் செண்பகவல்லி "ஐயோ" என்று அலறிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

கார் தார் ரோட்டை விட்டு இறங்கியது. தினகரன் அவள் கையைத் தட்டிவிட்டு, வண்டியை ஒடித்து, பிரேக்கை மிதித்தான். ஜல்லி பறந்தது. வண்டி நின்றது.

பஸ் டிரைவர் தலையை நீட்டி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார்.

மூவரும் ரோட்டுப் பக்கமாக இறங்கிப் பார்த்தார்கள். முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் கால் வைக்க இடமில்லை. தடுப்புச்சுவர் அந்த இடத்தில் இடிந்து கிடந்தது. கீழே வெறும் பனி.

செண்பகவல்லி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்டா... நான் பிடிக்காம இருந்திருந்தா..."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவனும் சின்னப் பிள்ளைதான், பாவம்.

"இனிமே நான் எடுக்கல சாமி. கை நிக்கமாட்டேங்குது. வேற வண்டி வந்தா நீங்க போயிடுங்க."

சாமி செண்பகவல்லியைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தார். டிரைவர் பக்கமாக ஏறி, முன்சீட்டுக்கு நகர்ந்து, பெல்ட்டை மாட்டினார்.

"வலி மாத்திரை போட்டது கண்ணைச் சொக்குது தினகரா. நான் கொஞ்சம் தூங்குறேன். டாக்டர் வீடு வந்ததும் எழுப்பு."

தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

தினகரன் வெளியே நின்றபடி அவரையே பார்த்தான். பள்ளத்தைப் பார்த்தான். மறுபடியும் அவரைப் பார்த்தான். பிறகு சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ரோட்டில் ஏற்றினான்.

செண்பகவல்லி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. பேசினால் சாமி விழித்துவிடுவாரே என்றுதான் பேசாமல் வந்தாள். பேச முடியாததால் பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவுக்கு முன்னாலேயே அவன் ஹாரன் அடித்தான். மேலேறி வந்த லாரிக்கு ஒதுங்கி நின்று, கைகாட்டி வழிவிட்டான். பின்னால் அவசரப்பட்டவனை முந்திப் போகவிட்டான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

சாமியின் குறட்டை மலை இறங்கும்வரை நிற்கவில்லை.

பல் டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, டாக்டர் இருக்கிறாரா என்று பார்க்க தினகரன் உள்ளே போனான். சாமி கண்ணைத் திறந்தார்.

"எப்படிங்க சாமி உங்களுக்குத் தூக்கம் வந்துச்சு? அங்க அப்படி ஒண்ணு நடந்த பிறகு?"

சாமி மடியில் மூடியிருந்த கையை விரித்துக் காட்டினார். நகங்கள் உள்ளங்கையில் ஆழமாகப் பதிந்திருந்தன. ஒரு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"வரலம்மா."

"குறட்டை விட்டீங்களே!"

"விட்டேன்."

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தினகரன் வரும் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கேட்டாள்.

"அப்ப நாளைக்குக் கையெழுத்து?"

சாமி கன்னத்தைப் பிடித்தபடி வண்டியிலிருந்து இறங்கினார்.

"அப்படிக் குறட்டை விட உங்களால முடியும்னா போடுங்கம்மா."